முதுகுப் பக்கம் வைத்த க்ளிப்

அன்று நான் குடித்தது டீயா காபியா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. முதலில் டீ என்றுதான் உங்களிடம் சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்தால், காகிதக் கோப்பையின் அடியில் சர்க்கரை கரையாமல் கிடந்தது நினைவுக்கு வருகிறது. காபிக்குத்தான் நான் சர்க்கரை அள்ளிப் போட்டுக்கொள்வேன். ஆக, காபியாகத்தான் இருக்க வேண்டும். இதுபோன்ற விஷயங்களில் என் ஞாபகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பெரிதுபடுத்த வேண்டாம். க்ளிப் விஷயத்தில் பிசகாது. அது என் பிழைப்பு.

குழந்தைகள் பூங்காவில் மேடை நிகழ்ச்சிக்கான உடைகளைப் பழுது பார்ப்பவன் நான். மேடைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு தையல் மெஷின், ஒரு பற்றவைப்புக் கம்பி, டப்பா டப்பாவாகக் கொக்கிகள். எல்லாவற்றையும்விட அதிகமாக என்னிடம் வருவது மாவீரனின் கவசம். வெள்ளி வண்ணம் அடித்த பிளாஸ்டிக். பத்து வரிசை தள்ளி உட்கார்ந்து பார்த்தால் அப்படியொரு கம்பீரம். கிட்டே போனால் குளியலறை பக்கெட் வாசனை அடிக்கும். முன்தகடு, பின்தகடு, இரண்டையும் விலாவில் சேர்க்கப் பள்ளிக்கூடப் பை வாரில் இருக்குமே, அந்த மாதிரி க்ளிப். இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினால் பூப்போல விட்டுவிடும். யாரும் அழுத்துவதில்லை. இழுக்கிறார்கள். இழுத்தால் பல் உடையும்.

பசை போட்டு ஒட்டினால் போயிற்று என்பார்கள். ஒட்டிப் பாருங்கள், அடுத்த காட்சிக்குக்கூடத் தாங்காது. நான் ஸ்டேப்ளர் பின்னைச் சூடாக்கி, உடைந்த இடத்தில் குறுக்கே புதைத்து, மேலே பிளாஸ்டிக்கை உருக்கி மூடுவேன். உடம்புக்குள் எலும்பு மாதிரி அது உள்ளே நின்றுகொள்ளும். ஆனாலும் பழைய பல் பழைய பல்தான். பலமாக இழுத்தால் மறுபடி உடையும்.

இழுத்தவன் என் சகலை. என் மனைவியின் தங்கை புருஷன். அவனுக்கு மாவீரன் வேஷம் போடும் வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். ஆள் உயரம், தோள் அகலம், சிரித்தால் கன்னத்தில் குழி. முதல் வாரத்திலேயே டிக்கெட் கொடுக்கும் பெண்கள்வரை எல்லோரும் அவன் பக்கம். காட்சி முடிந்து திரைக்குப் பின்னால் வருவான், விலாவில் கை வைப்பான், ஒரே இழுப்பு. டப். கவசம் தரையில் கிடக்கும்.

"கொக்கியாரே, ஒண்ணு போச்சு."

கொக்கி என்பது எனக்கு அவன் வைத்த பெயர். 'யாரே' மரியாதைக்காம். பூங்காவில் தொடங்கிய பெயர் வீடுவரை வந்தது. ஒருநாள் மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவன் மகள் என் மடியில் ஏறிக்கொண்டு கேட்டாள்.

"பெரியப்பா, நீங்க ஏன் மாவீரன் ஆகல?"

நான் வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் அவன் முந்திக்கொண்டான். "பெரியப்பா மாவீரனுக்கு ஊக்கு மாட்டி விடுறவருடா கண்ணு. அவர் இல்லன்னா அப்பாவோட மானமே போயிடும்."

மாமியாருக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. என் மனைவியும் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். நல்ல நகைச்சுவை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் மனைவிக்கு முன்பல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதனால் எப்போதும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். அன்று பொத்தவில்லை. அதை மட்டும் கவனித்தேன்.

அவன் ஏன் இழுத்தான் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அவனுக்கு மூச்சிரைப்பு உண்டு. மேடையில் டிராகன் புகை விடும். புகைக்காரர் தாராள மனசுக்காரர். காட்சி முடிவதற்குள் அவனுக்கு நெஞ்சு அடைத்துவிடும். ஒருநாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுக் கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்தான்.

"அண்ணா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. மேனேஜருக்குத் தெரிஞ்சா என்னைய டிக்கெட் கிழிக்க அனுப்பிடுவாரு. வீட்ல அவளுக்குக்கூடத் தெரியாது."

நான் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை. இன்ஹேலரை எங்கே வைத்துக்கொள்கிறாய் என்று கேட்டேன். இடம் இல்லை என்றான். முன்தகட்டின் உள்பக்கம், நெஞ்சுக்கு நேராக, துணியில் சின்னப் பை ஒன்று வைத்துக் கொடுத்தேன். கவசத்தைத் திறந்தால் கைக்கு வரும். அவன் கண் கலங்கிவிட்டது. "நீங்க நல்லா இருக்கணும் அண்ணா" என்றான். மறுநாள் மறுபடி டப். மறுபடி கொக்கியார்.

பிறகு நான் செய்ததெல்லாம் சீர்திருத்தம்தான். பழைய க்ளிப்பைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகக் கனமான ஒன்றைத் தைத்தேன். மலை ஏறுகிறவர்கள் மூட்டைக்கு மாட்டுகிற ரகம். மாடு கட்டி இழுத்தாலும் வராது. விலாவில் இருந்தால் முன்வரிசைக் குழந்தைகளுக்குத் தெரிகிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மேனேஜர் ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் விலாக்களை நிரந்தரமாகச் சேர்த்துவிட்டு, பின்தகட்டை நடுவில் வெட்டி, க்ளிப்பை இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே வைத்தேன். மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். இப்போதுதான் கவசம் மாதிரி இருக்கிறது என்றார்.

சகலை போட்டுப் பார்த்தான். கையைப் பின்னால் வளைத்துத் துழாவினான்.

"எட்டலையே?"

"நான்தான் ஓரத்துலயே நிக்கிறேனே. வந்து நில்லு, கழட்டி விடுறேன்."

"சரிதான். கொக்கியார் கையிலதான் இனிமே நம்ம உசுரு" என்று சிரித்தான். பக்கத்தில் இருந்த ராணி வேஷக்காரியும் சிரித்தாள்.

நான் சொன்ன சொல் தவறவில்லை. காட்சி முடிந்ததும் வருவான், முதுகைக் காட்டி நிற்பான், நான் அழுத்துவேன், திறக்கும். ஒரு க்ளிப்கூட உடையவில்லை. அந்த நாட்களில் எனக்கு நல்ல தூக்கம் வந்தது. ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தல். முதுகைக் காட்டிக்கொண்டு கையை மேலே தூக்கிச் சொடக்குப் போடுவான், ஓட்டலில் தண்ணீர் கேட்பதுபோல. கழட்டி விடுங்கள் அண்ணா என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் என்ன, நாக்கா தேய்ந்துவிடும். அடுத்த முறை கேட்டால்தான் கழற்றுவது என்று முடிவு செய்தேன். வீட்டில் குழந்தைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பதில்லையா, வாயைத் திறந்து கேட்டால்தான் பிஸ்கட் என்று? அதே மாதிரி.

அன்று குடும்பமே வந்திருந்தது. முன்வரிசையில் மாமியார், என் மனைவி, அவள் தங்கை, நடுவில் குழந்தை. நிகழ்ச்சியில் மாவீரன் சபதம் செய்யும்போது முஷ்டியால் நெஞ்சில் இரண்டு முறை தட்டுவான். அரங்கத்தில் இருக்கிற குழந்தைகள் எல்லாம் பதிலுக்குத் தட்டும். அதுதான் அந்த நிகழ்ச்சியின் உயிர். அன்று டிராகன் புகைவிட்டு ஓய்ந்தபிறகு, சபதம் ஏதும் இல்லாத இடத்தில், அவன் நெஞ்சில் தட்டினான். குழந்தைகளும் தட்டினார்கள். அவன் மறுபடி தட்டினான். அவர்களும் மறுபடி. அவன் மகள் நாற்காலிமேல் ஏறி நின்று தட்டினாள். மாமியாரும் என் மனைவியும் சேர்ந்துகொண்டார்கள். இவ்வளவு உற்சாகமாக அந்தக் காட்சியை நான் பார்த்ததில்லை. அவன் எதைக் காட்டுகிறான் என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். பை தைத்தவன் நானல்லவா.

காட்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஓரத்துக்கு வந்தான். முதுகைக் காட்டினான். சொடக்குப் போடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய க்ளிப் இருந்த விலாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். பழக்கதோஷம்.

"என்ன வேணும்?" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தான். உதடு நீலமாக இருந்தது. மேடை விளக்கு நீலம், அதனாலும் இருக்கலாம்.

"வாயத் தொறந்து கேளு. நான் என்ன மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

வாயைத் திறந்தான். ஏதாவது சொன்னானா என்றால், என்னால் சத்தியம் பண்ண முடியாது. வெளியே பாட்டுச் சத்தம். குழந்தைகள் வேறு இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. பிறகு அவன் சுவரில் சாய்ந்து மெல்லக் கீழே உட்கார்ந்தான். நெஞ்சைத் தட்டிய கை நின்றது. நான் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்குக் கஷ்டமே இல்லை, சின்ன வயதிலிருந்தே பேசாமல் உட்கார்ந்திருக்கப் பழகியவன். கையில் கோப்பை இருந்தது, மிச்சத்தைக் குடித்தேன். அடியில் சர்க்கரை கிடந்ததைப் பார்த்தேன் என்று சொன்னேனே, அது அப்போதுதான்.

முதலுதவிக்காரர்கள் வந்து முன்தகட்டைக் குறுக்கே அறுத்தார்கள். பின்னால் க்ளிப் இருக்கிறது, அழுத்தினால் போதும் என்று சொன்னேன். அவசரத்தில் யார் காதில் விழும். நல்ல தகடு, வீணாகப் போயிற்று. இன்ஹேலர் பையில் அப்படியே இருந்தது.

எதிர்ப்பக்கத் திரையிலிருந்து புகைக்காரர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். சகலைகள் இருவரும் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்ததாக உங்களிடம் சொல்லியிருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். நீங்களும் என்னைக் கேட்கிறீர்கள், நான் மறைக்கவில்லை. திறக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன், திறக்காதவனும் நான்தான். அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை வேறு.

புகைக்காரர் வேலையை விட்டுவிட்டார். மேனேஜர் மாவீரனுக்குத் துணியில் உடை தைத்து முன்பக்கம் ஜிப் வைத்திருக்கிறாராம். ராணி வேஷக்காரி அப்படியேதான் இருக்கிறாள். மாமியார் என் பெயரைச் சொல்வதில்லை, கொக்கி என்றுகூடச் சொல்வதில்லை. என் மனைவி தங்கைக்குத் துணையாக அங்கேயே இருந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே அறையில் படுத்துக்கொள்கிறார்கள். குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. யாராவது அப்பா எங்கே என்று கேட்டால் பதில் சொல்லாமல் நெஞ்சில் இரண்டு முறை தட்டுகிறதாம். சகலை போய்ச் சேர்ந்துவிட்டான். நான் இங்கே உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். க்ளிப் அந்த மேசைமேல், உங்கள் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஒரு பல்கூடப் போகவில்லை. இரண்டு பக்கமும் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். சுலபமாகத்தான் திறக்கும்.