மூணு மணிக்குப் போன கரண்டு

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு ஈப்போவிலிருந்து காம்பாருக்குப் பேருந்து புறப்பட்டது. என் முன்னிருக்கையில் ஓர் அக்காவும் மின்நிலையச் சீருடையில் அவருடைய தம்பியும் இருந்தார்கள்.

“எங்க ஸ்டேஷன் சும்மா கிடந்தாத்தான் நாட்டுக்கு நல்லதுக்கா,” என்றார் தம்பி.

“சும்மா கிடக்கிற ஸ்டேஷன விட்டுட்டு அப்பா சாவுக்கு வர உன்னால முடியல. மூத்தவன் நீ இருக்க, மின்மயானத்துல பட்டன அமுக்கினது சின்னவன்.”

“என் ஷிப்டுக்கு மாத்து ஆள் கிடைக்கல. அன்னிக்குன்னு பெரிய ஸ்டேஷன் மூணு மணிக்கு நின்னுருச்சி. அது திரும்ப எழும்ப நேரமாகும். எங்களுது சின்ன கேஸ் ஸ்டேஷன் லா, உடனே ஓட்டலாம். பெரியது நின்னாத்தான் எங்களுத ஓட்டுவாங்க.”

அக்கா திரும்பிப் பார்த்தார். “மூணு மணிக்கா? மயானத்துலயும் அப்பத்தான் கரண்டு போச்சி. அப்பாவ உள்ள அனுப்ப முடியாம நின்னோம்.”

“எப்ப வந்துச்சி?”

“மூணே காலுக்கு.”

“மூணு அஞ்சுக்கு நான் ஸ்டேஷன்ல பட்டன அமுக்கினேன். பத்து நிமிஷத்துல கரண்டு கொடுத்துட்டோம்.”

பேருந்து கோப்பேங்கைத் தாண்டியது.

பிறகு அக்கா சொன்னார்: “பதினாறாம் நாள் காரியத்துல நீ உக்காரு. சின்னவன்கிட்ட நான் பேசிக்கிறேன்.”