ஆரோக்கியமேரி அம்மாள் மன்னித்த ஆறு ஆண்டுகள்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் ஆதிகேசவன் அவர்களே, அம்மாளின் மகள் ஞானசௌந்தரி அவர்களே, ஷிப்டு முடிந்து குளிக்கக்கூட நேரமில்லாமல் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் ஆலைத் தோழர்களே, வணக்கம்.

நான் மணவாளன். நம் இரும்பு ஆலையில் ஷிப்டு சூப்பர்வைசர். திருவள்ளூர்க்காரன். கோயில் கைங்கரியம் செய்கிற வைணவக் குடும்பத்தில் பிறந்தவன். இன்று காலை முதன்முறையாக மாதா கோயிலுக்குள் உட்கார்ந்து பூசை கேட்டேன். கடுகளவு விசுவாசம் போதும் என்றும், ஒரே நாளில் ஏழு முறை தவறு செய்தவன் ஏழு முறையும் வருந்தி வந்தால் மன்னித்துவிடு என்றும், எல்லா வேலையும் முடித்த பிறகும் கடமையைத்தான் செய்தோம் என்று சொல்லுங்கள் என்றும் இயேசு சொன்ன பகுதியைச் சாமியார் வாசித்தார். எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. ஆலை கேன்டீனில் சோறு போட்ட ஆரோக்கியமேரி அம்மாள் அதை எனக்கு ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

துலுக்காணம் இங்கே மூன்றாவது வரிசையில் இருக்கிறார். எழுபத்து நான்கில் பழுக்கக் காய்ந்த கம்பி தெறித்து அவர் முதுகு வெந்தபோது லாரியில் யார் ஏறியது? மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் யார் உடனிருந்தது? அவர் மனைவி பச்சையம்மா அப்போது பிள்ளை பெற்று எட்டாம் நாள். துலுக்காணம் திரும்பி வந்து காலில் விழப்போனபோது அம்மாள் நகர்ந்துகொண்டார். "ஏந்திரிப்பா. இருக்க வேண்டிய வேலை, இருந்தேன். கும்புடறதெல்லாம் வேணாம். ஊட்டுக்குப் போயி புள்ளைய பாரு" என்றார். அதன்பின் இந்த ஆலையில் அடிபட்ட எவரும் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. எல்லோருடனும் அந்த அம்மாள் போனார்.

அவர் கணவர் தானியேல் அடிபட்டபோது உடன் போக யாரும் இல்லை. அதனால்தான் போனார்.

தோழர்களே, தானியேல் எப்படி இறந்தார்? எழுபத்தொன்றில் நடந்த விசாரணையில், ஃபிட்டர் தானியேல் யாரிடமும் சொல்லாமல் உருளைகளுக்கு நடுவே இறங்கினார் என்று எழுதினார்கள். நீங்கள் அதை நம்பினீர்கள். அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்.

ஞானசௌந்தரி, இதை நீ என் வாயால் கேட்க வேண்டும். உன் அப்பா என்னிடம் வந்து, "சார், உள்ள எறங்கறேன். நான் வந்து சொல்றவரிக்கும் சுவிச்ச தொடாதீங்க" என்றார். சரி என்றேன். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஏன் இன்னும் மெஷின் ஓடவில்லை என்று ஆபீசிலிருந்து போன் வந்தது. பதறினேன். மறந்தேன். என் கையால்தான் சுவிட்சைப் போட்டேன்.

நாலு மாதம் அம்மாள் பரிமாறிய சோற்றைத் தின்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிற அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் அழவில்லை. "எனக்குத் தெரியும் சார். சொல்லாம எறங்கற ஆளு இல்ல அவுரு. நீங்க போங்க. இப்போ உங்க மூஞ்சிய பாக்க முடியல" என்றார்.

இரண்டு வாரம் என் தட்டில் வேறொருவர் பரிமாறினார். பிறகு ஒரு மதியம், "வாங்க சார், நானே போடறேன்" என்றார். மன்னித்துவிட்டார், முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மறு மாதம் என்னைக் கண்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனார். சாயங்காலம் அவரே வந்து சொன்னார்: "காலைல கோயில்ல மன்னிச்சிட்டுதான் சார் வந்தேன். பன்னெண்டு மணிக்கு சங்கு ஊதுது, மறுபடியும் வயிறு எரியுது. மறுபடியும் மன்னிக்க வேண்டிகீது. ஏழு தபான்னு சாமி சொன்னது இதுக்குத்தான் போல."

நான் ஒரே ஒரு முறை செய்த தவறு. அதை அந்த அம்மாள் எத்தனை ஆயிரம் முறை மன்னித்திருப்பார்?

இவ்வளவு விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். தாளித்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஏது சார் அவ்ளோ? கடுகு மாதிரிதான் கீது. எண்ணெய்ல போட்டா அதுவே கண்ணுல தெறிக்குதே" என்றார்.

மன்னித்தவர், மறைக்கச் சொல்லவில்லை. அவராக யாரிடமும் சொல்லவும் இல்லை. "சொல்றது உங்க வேலை சார். அத நான் செய்ய மாட்டேன்" என்றார். வேலை போய்விடும், ஜெயிலுக்குப் போக நேரும், குடும்பம் தெருவில் நிற்கும் என்று பயந்தேன். வருடங்கள் போயின. போன மாதம் மஞ்சள் காமாலை முற்றி அவர் கிடந்தபோது பார்க்கப் போனேன். கண் திறந்து, "இன்னா சார், இன்னும் சொல்லலியா?" என்றார். சொல்கிறேன் அம்மா என்றேன். "நான் மன்னிச்சிட்டேன். ஆனா அந்த விசாரண பேப்பர்ல அவுரு பேரு அப்படியேதான கீது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். என்னிடம் அவர் பேசிய கடைசி வார்த்தை அது.

எல்லாம் செய்தவர்களே கடமையைத்தான் செய்தோம் என்று சொல்ல வேண்டுமாம். கடமையையே செய்யாத நான் என்னவென்று சொல்வது?

ஞானசௌந்தரி, உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அது உன் அம்மா பட்ட பாடு. அதை உன் தலையில் ஏற்ற எனக்கு உரிமை இல்லை. நீ என்னை வெறுத்தாலும் அது நியாயம்தான்.

தோழர்களே, இனி யார் அடிபட்டாலும் வண்டியில் உடன் ஏற ஓர் ஆள் வேண்டும். ஜெயிலுக்குப் போகாமல் வெளியே இருக்கும் வரை நான் ஏறுவேன். நான் இல்லாத நாளில் உங்களில் ஒருவர் ஏறுங்கள். நாளை திங்கட்கிழமை, இதே உண்மையைச் சொல்லத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போகிறேன்.

தலைவர் ஆதிகேசவன் அவர்களே, ராத்திரிக்குள் என் மனம் மாறிவிடும் என்று எனக்கே பயமாக இருக்கிறது. நான் இங்கே சொன்னதைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை இங்கேயே நிற்கிறேன். எல்லோர் முன்னாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்குவேன்.