கொச்சங்காடி குடோனில் கசிந்த அமிலம்

என் பெயர் ரோஜா. வயது முப்பத்தாறு. கணவர் பெயர் இசக்கிதுரை. சொந்த ஊர் சங்கரன்கோவில். தற்போது மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்து, ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலை செய்கிறேன்.

என் கணவர் எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டிய குடோனில் சுமை தூக்கும் வேலை செய்து வந்தார். முன்பு அங்கே அரிசி மூட்டை இருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கான நீல டிரம்கள் வந்தன. டிரம்மில் இருந்த எழுத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே என்ன என்று கேட்டதற்கு, சூப்பர்வைசர் சந்தீப், "சாதா க்ளீனிங் லோஷன், பயப்படண்டா" என்றாராம்.

சம்பவத்தன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, ஒரு டிரம் சரிந்து உடைந்து, சுவருக்கு மேல் வெள்ளைப் புகை எழுந்தது. கண்ணும் தொண்டையும் எரிந்தன. சைரன் எதுவும் அடிக்கவில்லை. குடோனிலிருந்து என் கணவர் ஓடிவந்து, ஈரத்துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு, கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் வெளியேற்றினார். அதன் பிறகு பக்கத்து வீட்டில் பக்கவாதத்தில் கிடக்கும் சீனியம்மாள் வரவில்லை என்று தெரிந்து, திரும்ப உள்ளே போய்த் தூக்கி வந்தார். வழியில் ஓடிக்கிடந்த திரவத்தில் வழுக்கி முழங்கால் குத்தி விழுந்தார். அப்போதும் சீனியம்மாளைக் கீழே விடவில்லை.

வெளியே வந்து காலைக் கழுவியவர், வலி இல்லை என்று சொல்லி, சாயா கேட்டு வாங்கிக் குடித்தார். மதியத்துக்கு மேல் இரண்டு கால்களும் வெளுத்துப்போய், எலும்புக்குள் குடைகிறது என்று கதறினார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். என்ன கெமிக்கல் என்று டாக்டரம்மா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மாவே சந்தீப்புக்கு போன் செய்தார். அதே லோஷன் என்றுதான் பதில் வந்தது. அதன் பிறகு சந்தீப் போனை எடுக்கவில்லை.

சாயங்காலம் தீயணைப்புத் துறையினர் டிரம்மில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துப் பார்த்து, ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் என்று ஆஸ்பத்திரிக்குச் சொன்னார்கள். டாக்டரம்மா அலமாரியைத் திறந்து கால்சியம் மருந்தை எடுத்து ஓடிவந்தார். "இங்கேயே இருந்ததே" என்றார். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது என் கணவர், "சீனியக்கா மூச்சு நல்லா விடுதாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அன்றிரவே இறந்துபோனார்.

மீதி டிரம்கள் இன்னும் அங்கேதான் உள்ளன. வேறு போக்கிடம் இல்லாமல் எல்லோரும் வீடு திரும்பிவிட்டோம். சீனியம்மாள் இப்போது யாரையும் கதவைத் தாழ்போட விடுவதில்லை. அந்த டிரம்களை அகற்ற வேண்டும் என்று நான் கேட்டதையும் இந்த வாக்குமூலத்தில் எழுதச் சொன்னேன்.

இதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் பட்டதும் இவ்வளவே. கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

(ஒப்பம்)
இ. ரோஜா