அரை மாத்திரை

புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, பயப்படாதீர்கள் என்பதுதான். தவறாக எழுதினாலும் எதுவும் கெட்டுவிடாது, நான் பார்த்துத்தான் சேர்ப்பேன் என்பேன். நீங்களும் அப்படியே உட்காருங்கள், விசாரணை என்றால் எனக்குப் பயமில்லை.

எங்கள் மென்பொருள் மாத்திரை நேரத்தை நினைவுபடுத்துவது. போனில் மணி அடிக்கும். எந்த மாத்திரை, எத்தனை என்று காட்டும். யாருக்கும் சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் நிரலைப் படித்துத் திருத்தி அனுப்பலாம். நான் சரி என்றால்தான் அது எல்லோருடைய போனுக்கும் போகும்.

எட்டு வருடங்களில் எத்தனையோ பேருக்குக் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தேன். முதல் திருத்தம் சேர்ந்ததும் நன்றி அக்கா என்று ஒரு வரி, அதோடு சரி. அதைக் காட்டி நல்ல வேலைக்குப் போனவர்களுக்கு என் கடிதத்துக்குப் பதில் போட நேரமில்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை. ஒன்றைக் கவனித்தேன், அவ்வளவுதான். திருத்தம் சேரும்வரைதான் இருக்கிறார்கள்.

நீங்கள் கேட்கிற இந்தப் பெண் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் இருக்கிறவள். நிரல் எழுத மதிய இடைவேளைகளில் தானே கற்றுக்கொண்டவள். முதல் நாள் போனில் பேசினாள்.

"அக்கா, அரை மாத்திரைன்னு போட்டா ஒண்ணுன்னு காட்டுதுக்கா. அப்பாவுக்கு இதய மாத்திரையை டாக்டர் போன வாரம்தான் பாதியா குறைச்சார்."

"அப்பாகிட்ட நீயே சொல்லிட வேண்டியதுதானேம்மா?"

"நான் சொல்லிக் கேட்டுட்டாலும். வேற ஊர்ல தனியா இருக்கார். 'போனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்'ங்கறார். அதான் போனையே திருத்திடலாம்னு வந்தேன்."

இருவரும் சிரித்தோம்.

அன்று மதியமே அனுப்பிவிட்டாள். நான்கு வரிகள். கூடவே எழுதியிருந்த குறிப்பின் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி இல்லை என்று திருப்பி அனுப்பினேன். பிறகு நிரலில் வைத்த ஒரு பெயர் நீளமாக இருந்தது. பிறகு ஓர் இடைவெளி கூடுதல். ஒவ்வொரு முறையும் அன்பாகத்தான் எழுதினேன். அவளும் உடனே திருத்தி அனுப்புவாள். கூடவே, சாப்பிட்டீங்களாக்கா என்பாள். இத்தனை வருடத்தில் அங்கே என்னை அப்படிக் கேட்டவர் கிடையாது.

பழைய ஆள் ஒருவர் குறுக்கே வந்தார். "பாவங்க அந்தப் பொண்ணு. சேர்த்து விடுங்களேன்."

"கத்துக்க வந்தவ கத்துக்கட்டும்" என்றேன். அவர் ஒதுங்கிக்கொண்டார்.

ஒன்பதாவது முறை அவள் எழுதினாள்: "இது மட்டும் சேர்ந்துட்டா போதும்கா. அப்புறம் உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டேன்."

அந்த வரியைப் பலமுறை படித்தேன். எல்லாவற்றையும் முதலில் இருந்தபடியே மாற்றச் சொன்னேன். மாற்றினாள். அதையும் திருப்பி அனுப்பினேன்.

இருபத்து மூன்றாம் நாள் அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. மறுநாள் அவளுடைய அண்ணன் எழுதியிருந்தார். அப்பா குளியலறையில் விழுந்து இறந்து கிடந்தாராம். போன் சொன்னபடி தினமும் முழு மாத்திரை.

அந்தத் திருத்தம் சரியானது என்று எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். முதல் நாளே தெரியும். என் கணவருக்கும் அரை மாத்திரைதான். அன்று மாலையே அவர் போனில் அவளுடைய நான்கு வரிகளையும் போட்டுவிட்டேன்.

நேற்று எல்லோருக்குமாகச் சேர்த்தும் விட்டேன், அவள் பெயரிலேயே. அவளுக்குத் தெரிவித்து, அடுத்து செய்ய வேண்டிய வேலையையும் எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. இவளாவது வேறு மாதிரி இருப்பாள் என்று நினைத்தேன்.