குருட்டுக் குழி குடிக்கும் ஆறு

மாவட்டத்தின் மூத்த ஆணையரும் இவ்விழாவின் தலைவருமான ட்ரூயட் மேடக்ஸ் அவர்களே! டோரன்ஸ் தேவாலயத்துப் போதகர் அவர்களே! வடக்கே வெஸ்பர் மேட்டிலிருந்து இறங்கி வந்திருக்கும் பெரியோர்களே! வறுத்த கோழியும் சோளரொட்டியும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் நில அளவையாளர் நடீன் ஹோல்கம்பின் பணிவான வணக்கம்.

கெல்சர் மாவட்டத்துக்கு நூற்றைம்பது வயது. வரலாறும் நிலவியலும் பேசச் சொன்னார்கள். முப்பத்தோரு ஆண்டுகள் இந்த மண்ணை அளந்தவள் நான். மண்ணின் மேற்புறத்தை அளந்துவிட்டேன். அடிப்புறம்தான் என்னை அச்சுறுத்துகிறது!

வரைபடத்தைப் பாருங்கள். வெஸ்பரில் பிறக்கும் ஓடை வளைந்து வருகிறது, நெளிந்து வருகிறது, ஏழு மைல் ஓடி வருகிறது. பிறகு? நீலக் கோடு நடுவழியில் நின்றுபோகிறது. அங்கேதான் பூமி வாய் பிளந்த குருட்டுக் குழி. ஓடை முழுவதையும் அது குடிக்கிறது. குடித்த ஆறு எங்கே போயிற்று? நம் முன்னோர் கேட்கவில்லை. செத்த மாட்டைப் போட்டார்கள், உடைந்த வண்டியைப் போட்டார்கள், போனது போனதுதான் என்று கையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

என்ன சொல்கிறீர்கள், பின்வரிசையில் இருக்கும் கேடி அவர்களே? "நடீன், சாப்பாடு ஆறிப்போவுது!" என்கிறீர்களா? ஆறட்டும் ஐயா! நான் சொல்லப்போவதைக் கேட்டபின் உங்களுக்குப் பசி இருந்தால் என் பங்கையும் நீங்களே சாப்பிடலாம்.

விஷக்காய்ச்சல் வந்த 1918ஆம் ஆண்டுக் குளிர்காலம். வெஸ்பரில் ஈனஸ் ப்ரூயிட் இறந்தார். மனைவி லியோட்டா அதே காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தாள். ஈனஸின் தம்பி லேஃப்தான் அடக்கம் செய்தான். பிழைத்தெழுந்த லியோட்டாவிடம் மேட்டில் ஒரு கல்லைக் காட்டினான். இரண்டு ஆண்டுகள் அந்தக் கல்லுக்குப் பூ வைத்தாள் அவள்.

ஒரு கோடையில் டோரன்ஸிலிருக்கும் அக்காள் வீட்டுக்கு வந்தாள். குருட்டுக் குழியிலிருந்து பன்னிரண்டு மைல். நடுப்பகல். கிணற்றில் வாளியை இறக்கி இழுத்தாள். வாளியின் அடியில் ஒரு பொத்தான்! மான்கொம்பில் இழைத்த பொத்தான். நான்கு துளைகளில் ஒன்று கோணல். காய்ச்சிய ஆணியால் அந்தக் கோணல் துளையைப் போட்டவள் அவளேதான். கணவன் கோட்டில் தைத்தவளும் அவளேதான்.

அன்றே வண்டி பிடித்துத் திரும்பினாள். "லேஃப், உங்க அண்ணன் எங்க இருக்காரு?"

"மேட்டுலதான் அண்ணி."

"மேட்டுல இருக்கறவரோட பொத்தானுக்கு டோரன்ஸ் கிணத்துல என்ன வேலை?"

லேஃப் உட்கார்ந்துவிட்டான். "மண்ணு இரும்பாட்டம் உறைஞ்சு கெடந்துச்சு அண்ணி. கடப்பாரை இறங்கல. எனக்கும் காய்ச்சல். அந்தக் குழியில போட்டா ஒண்ணும் திரும்பி வராதுன்னு நெனச்சேன். அவர மட்டுமில்ல... அந்த வாரம் ஏழு பேரு."

ஏழு பேர்! அந்தத் தண்ணீரைத்தான் டோரன்ஸ் இரண்டு ஆண்டுகளாகக் குடித்திருந்தது. ஊர் அலறியது. கிணற்றை மூடக் கல்லோடு வந்தார்கள். லியோட்டா குறுக்கே நின்றாள். "மூடாதீங்க. இருபது வருஷம் ஒரே மேசையில சாப்பிட்டோம். இப்ப மட்டும் அவர வெளிய தள்ளவா?" என்று சொல்லி, ஒரு குவளை மொண்டு, அத்தனை பேர் முன்னாலும் குடித்து முடித்தாள்.

இப்போது யார் சிரித்தது? "அதெல்லாம் அந்தக் காலம், இப்ப கொழாய்த் தண்ணி" என்கிறீர்களா? குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது அம்மா? அதே கிணறு! மேலே ஒரு தகரக் கொட்டகை, உள்ளே ஒரு மோட்டார், அவ்வளவுதான்!

சாப்பாட்டுக்குப் பிறகு வாக்களிக்கப் போகிறோம். இங்கே வரப்போகும் கோழி அறுப்பு ஆலையின் கழிவை, குடலை, இரத்தத்தைக் குருட்டுக் குழியில் கொட்டலாமா? நூறு பேருக்கு வேலை வரும் என்கிறார்கள். வேலை வேண்டாம் என்று நான் சொல்வேனா? என் தம்பியும் வேலையில்லாமல்தான் இருக்கிறான். ஆனால் வியாழக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. தீங்கில்லாத பச்சைச் சாயத்தைக் குழியில் ஊற்றினேன்.

இன்று ஞாயிறு. காலையில் டோரன்ஸ் தேவாலயத்தில் என் தங்கை மகள் ஓடெட்டின் குழந்தைக்கு ஞானஸ்நானம். போதகர் கிண்ணத்துக் குழாய்த் தண்ணீரில் கை நனைத்துக் குழந்தையின் தலையில் வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. இதோ அவர் தலையைக் குனிந்துகொள்கிறார். மன்னியுங்கள் போதகரே, உங்கள் ஆலயத்தில் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

ஓடெட், எழுந்திரும்மா. பிள்ளையைத் தூக்கு. எல்லோரும் பார்க்கும்படி உயர்த்து. அந்த வெள்ளைக் குல்லாயைப் பாருங்கள் பெரியோர்களே! வெயிலில் எப்படி ஒளிர்கிறது, பாருங்கள் தாய்மார்களே! பச்சை! மூன்றே நாளில் பன்னிரண்டு மைல்!

குழியில் எதை வேண்டுமானாலும் போடுங்கள். எவர் தலையில் விழும் என்று இனி நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கேட்டுக்கொண்டே கீழே கிடக்கும் அந்த ஏழு பேருக்கும் நன்றி, வணக்கம்!