பாதையேறி வந்த பாட்டுக்காரி மார்சலினுக்கு

கடல் கடந்து வந்த கறுப்பினத்தாரின் காலடித் தாளத்தைக் கனிதமிழ்ப் பாட்டோடு கலந்தளித்த கலைமணியே! மாதாவின் மன்றாட்டையும் கண்ணகியம்மனின் காவலையும் ஒரே மனத்தில் ஏந்திய மாண்பே! மட்டக்களப்பு வாவிக்கரையில், எங்கள் வித்தியாலயத்தில், முப்பத்துமூன்று ஆண்டுகள் சங்கீதம் பயிற்றி, அறுபதாம் அகவையில் அரச பணி நிறைவு காணும் அருமை ஆசிரியை மார்சலின் அல்வாரிஸ் அவர்களே! ஆசிரியர் குழாத்தின் அன்பு வணக்கம்.

இவ்வணக்கத்தைப் பிரதான மண்டபத்தில், ஒலிபெருக்கி முழங்க, ஊரறியச் சொல்லியிருக்க வேண்டும். விஞ்ஞான கூடத்தில், சாளரங்களைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் சொல்கிறோம். வெளிக்கேற்றை உள்ளிருந்து பூட்டியிருக்கிறோம். எவரும் படமெடுத்து இணையத்தில் இடக்கூடாதென்று எல்லோருடைய கைத்தொலைபேசிகளையும் வாசலில் ஒரு கடதாசிப் பெட்டிக்குள் இட்டிருக்கிறோம். ஏனென்பதைத் தாங்கள் அறிவீர்கள். கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய பின் இம்மடலை வாசிப்போர் அறியார். ஆகவே தமிழாசிரியை யசோதினியாகிய நான், நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறேன்.

முதற்பிரதியில் தங்களைக் 'கருங்குயிலே' என்று விளித்திருந்தேன், பின்னர் வெட்டிவிட்டேன். தங்கள் நிறத்தை ஒரு பறவையின் பின்னால் ஒளித்துவைக்கத் தாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தாங்கள் இப்பாடசாலைக்கு வந்த முதல் நாளில் நான் ஏழாம் வகுப்பில் மாணவியாக இருந்தேன். பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் "காப்பிலி" என்றது. வகுப்பு சிரித்தது. தாங்கள் சுருதிப்பெட்டியை மூடிவைத்துவிட்டு எங்களைப் பார்த்தீர்கள்.

"ஓம் பிள்ளையள், நான் காப்பிலிதான். என்ட அம்மாட ஆக்கள ஆபிரிக்காவில இருந்து கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்தவங்க. கையில ஒண்டும் எடுக்க விடல்ல. தாளத்த மட்டும் பறிக்க ஏலாமப் போச்சு. கேக்கிறீங்களா?"

பிறகு இரு கைகளாலும் மேசையில் தட்டினீர்கள். ஆறு தட்டுகள் சுழன்று சுழன்று வந்தன. சிரித்தவர்களின் கால்களே முதலில் அசைந்தன.

அத்தாளத்தைத் தாங்கள் வகுப்பறையோடு நிறுத்தவில்லை. தங்கள் தாயார் கலியாண வீடுகளில் பாடிய போர்த்துக்கேயம் கலந்த பழைய பறங்கிமொழிப் பாட்டுகளை வடமோடிக் கூத்தின் தருப் பாடல்களோடு சேர்த்துப் புதுப் பாட்டுகள் புனைந்தீர்கள். மத்தளத்துக்குப் பக்கத்தில் றபான் என்னும் கைமேளத்தை வைத்தீர்கள். மாகாணப் போட்டியில் எங்கள் பிள்ளைகள் நான்கு முறை முதலிடம் பெற்றனர். ஞாயிறுதோறும் தேவாலயத்துப் பாடகர் வரிசையில் நின்ற தாங்கள், வைகாசி பிறந்தால் கண்ணகியம்மன் கோயிற் சடங்கில் வேப்பிலை ஏந்தி நின்றீர்கள். "ரெண்டு பக்கமும் கால் வைக்கிறீங்களே ரீச்சர்?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "கடலில தாண்டு செத்துப்போன என்ட ஆக்களுக்கு எந்தச் சாமி காது குடுத்ததெண்டு எனக்குத் தெரியாது புள்ள. அதால எல்லாரிட்டயும் கேக்கிறன்" என்றீர்கள்.

ஆழிப்பேரலை தங்கள் வீட்டையும் தாயையும் கொண்டுபோன பின், அகதிமுகாமில் பேறு பார்க்கும் ஒரு குடும்பநல உத்தியோகத்தரைச் சந்தித்தீர்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில், பழுகாமத்தில் பிறந்த பெண் அவர். முகாம் கலைந்ததும் இருவரும் ஒரே வீட்டில் குடியேறினீர்கள். மாதாவின் படமும் கண்ணகியம்மனின் படமும் ஒரே பலகையில் இருந்த அந்த வீட்டில், இங்கு அமர்ந்திருக்கும் நாங்கள் எல்லோரும் சோறு உண்டிருக்கிறோம். நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் யாரென்று எங்களுக்குத் தெரியும். அதை எங்களில் எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாதிருப்பதே மரியாதை என்று எண்ணிக்கொண்டோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதிபரின் மேசைக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. 'இரண்டு பொம்பிளைகள் புருசன் பெண்சாதி போல வாழ்கிற வீட்டிலிருந்து வருகிற காப்பிலிச்சி எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதா?' என்று அதில் எழுதியிருந்தது. ஒரு கிழமைக்குள் அதன் பிரதிகள் மதிலில் ஒட்டப்பட்டன. தேவாலயத்துப் பாடகர் குழு தங்களைச் சிறிது காலம் விலகியிருக்கச் சொன்னது. மேலிடத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார்.

அன்று நாங்கள் செய்ததை இம்மடலில் மறைத்தால் இதன் மற்றச் சொற்களும் பொய்யாகிவிடும். அதிகாரி எங்களை ஒவ்வொருவராக அழைத்து, "இவட வீட்டு வாழ்க்கையப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். "எனக்கு ஒண்டும் தெரியாது சேர்" என்றேன் நான். எனக்குப் பின்னால் போனவர்களும் அதையே சொன்னார்கள். சட்டப்புத்தகத்தில் இப்படி வாழ்வதைக் குற்றமாக்கும், இன்னும் நீக்கப்படாத ஒரு பிரிவு இருக்கிறது என்று எவரோ சொல்லியிருந்தார். உடந்தையென்று நம்மையும் இழுத்துவிடுவார்களோ, தூர இடத்துக்கு மாற்றிவிடுவார்களோ, நம் பிள்ளைகளின் கலியாணப் பேச்சு குழம்புமோ என்று நடுங்கினோம். ஏறாவூரிலிருந்து வரும் ஸஹீதா ஆசிரியை மட்டும் வேறு விதமாகச் சொன்னார்.

"தெரியும் சேர். இவ பாட்டுப் படிச்சுக் குடுக்கிற. நல்லாப் படிச்சுக் குடுக்கிற. வேற என்னத்த நான் தெரிஞ்சிக்கணும்?"

கடைசியாகத் தங்களை அழைத்தார்கள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. "அந்தப் பொம்பிள உங்களுக்கு என்ன முறை?" என்றார் அதிகாரி. சிநேகிதி என்றோ, வாடகைக்கு இருப்பவர் என்றோ ஒரு சொல் சொல்லியிருந்தால் விசாரணை அன்றே முடிந்திருக்கும். நாங்கள் எல்லோரும் தாங்கள் அதைச் சொல்லவேண்டுமென்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தோம்.

"அவ என்ட குடும்பம், சேர்" என்றீர்கள்.

குற்றமென்று எதையும் நிறுவ அவர்களால் முடியவில்லை. ஆனாலும் எழுத்தில் இல்லாத ஓர் உத்தரவு வந்தது. பாட்டு வகுப்பு தங்களிடமிருந்து பறிக்கப்பட்டது. றபான்கள் அலுமாரியில் பூட்டப்பட்டன. தங்களை நூலகத்தில் இருத்தினார்கள். அடுத்த மாதத்தில் ஒரு ஞாயிறு முற்பகலில் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தங்கள் வீட்டுக்குக் கல்லெறிந்தார்கள். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அந்தக் குடும்பநல உத்தியோகத்தரின் நெற்றி பிளந்தது. ஐந்து தையல். "பொலிசுக்குப் போனா முதல் கேள்வி எங்களப் பத்தித்தான் வரும்" என்று சொல்லி முறைப்பாட்டுக்கும் போகாமல், வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் பழுகாமத்துக்குப் போய்விட்டீர்கள்.

அன்று முதல் நாள்தோறும் காலையில், வாவியைக் கடக்கும் 'பாதை' என்னும் மிதவையில் ஏறி, அந்த இரும்புத் தட்டில் சைக்கிள்களுக்கும் நெல்மூட்டைகளுக்கும் நடுவே நின்று இக்கரைக்கு வந்தீர்கள்; அங்கிருந்து பஸ் பிடித்து ஏழரைக்கு முன்னர் கையொப்பமிட்டீர்கள். ஒரு நாளும் பிந்தவில்லை. நாங்கள் எவரும் அக்கரைக்கு ஒருமுறைகூட வரவில்லை.

மூன்று கிழமைகளுக்கு முன், தங்கள் சேவைநயப்பு விழாவுக்கு நாள் குறித்தபோது, இரண்டாவது கடிதம் வந்தது. 'விழா எடுத்துப் பாருங்கோ' என்ற மூன்றே சொற்கள். அதிபர் நல்லரத்தினம் அவர்கள் அதை எங்கள் முன் விரித்துவைத்தார். "எனக்குப் பயமாக் கிடக்கு. மறைக்கயில்ல. என்ட கந்தோர் அறைக்குள்ள வச்சு மாலையப் போட்டு அனுப்புவமா?" என்றார். எவரும் அவரை இகழவில்லை. எங்களுக்கும் அதே பயம்தான்.

மடல் எழுதுபவள் என்ற சாட்டோடு நான் தங்களைத் தேடிப் பழுகாமத்துக்கு வந்தேன். பாதையில் எனக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் ஏறியது. தலைக்கவசத்தைக் கழற்றாத ஒருவர். வாவியின் நடுவில் அவர் என்னைப் பார்க்கிறாரா, தண்ணீரைப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. இறங்கியதும் அவர் வட்டைப் பக்கம் திரும்பி வயல்களுக்குள் போனார். யாரென்று இன்றுவரை தெரியாது. அந்த அரைமணி நேரத்தை என்னால் தாங்க முடியவில்லை. தாங்கள் இரண்டு வருடம் தாங்கியிருக்கிறீர்கள்.

முற்றத்து வேம்பின் கீழ்த் தாங்கள் இருவரும் இருந்தீர்கள். தங்கள் தாயாரின் பாட்டுகளை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தீர்கள். அவர் அகப்பைக் காம்பால் வாளியில் தாளம் தட்டிக்கொடுத்தார். நாற்பத்தொரு பாட்டு முடிந்திருந்தது. பொருள் மறந்துபோன சொற்களையும் ஒலி பிசகாமல் எழுதியிருந்தீர்கள். "இது என்ன சொல்லெண்டு எனக்கே தெரியாது. ஆனா இதப் படிக்கக்குள்ள ஆரோ கிட்ட வந்து நிக்கிற மாதிரி" என்றீர்கள்.

"எங்களோட கோவமில்லையா ரீச்சர்?" என்று கேட்டேன்.

"இருந்திச்சு. ஸஹீதா மட்டுந்தான் வாய் திறந்தவ எண்டு கேட்டு ரெண்டு நாள் சாப்பிடல்ல. பிறகு யோசிச்சன், பயந்தாக்களோட எவ்வளவு காலத்துக்குக் கோவிக்கிற? நானும் பயந்தவதான். ஒவ்வொரு நாளும் பாதையில ஏறக்குள்ள கால் நடுங்கும். நடுங்கிக்கொண்டு ஏறுவன்."

மடலில் என்னென்ன எழுதட்டும் என்று கேட்டபோது தாங்கள் விருதுகளைச் சொல்லவில்லை.

"எல்லாற்ற மடலிலயும் வீட்டுத் துணைக்கெண்டு ஒரு பந்தி வரும்தானே? எனக்கும் அது வேணும். அவட பேரப் போடுங்க. போட ஏலாட்டி எனக்கு மடல் வேணாம் யசோதினி. மாலையோட போறன்."

அவர் தங்கள் கையைப் பிடித்து, "எதுக்குகா அவங்களப் போட்டு வருத்துற? விடு" என்றார். தாங்கள் விடவில்லை.

திரும்பி வந்து ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். பெயரை எழுதிச் சட்டமிட்டால் அது எங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்றார் ஒருவர். அதில் உண்மை இல்லாமலில்லை. கடைசியில் பதினேழு பேரில் ஒன்பது பேர் "போடுவம்" என்றார்கள். ஒன்பதாவதாக எழுந்த கை அதிபருடையது. மற்ற எட்டுப் பேரில் இருவர் இன்று வரவில்லை. அவர்களையும் தாங்கள் மன்னிப்பீர்களென்று நம்புகிறோம்.

ஆகவே, மரபின்படி வரும் பந்தி இது.

தங்கள் இன்பத்திலும் இடரிலும் இணைபிரியாதவர். தாய்மாரின் வலியறிந்து நூற்றுக்கணக்கான மகவுகளைக் கையேந்தி வரவேற்றவர். தாங்கள் பாடத் தாளமும், தாங்கள் சோரத் தோளும் தந்தவர். இருபது ஆண்டுகளாகத் தங்கள் இல்லத்துணையாய் விளங்கும் பழுகாமம் வதனி அவர்களை இப்பாடசாலையின் ஆசிரியர் குழாம் வணங்கிப் போற்றுகிறது! வதனி அம்மையே, கதவோரத்துக் கதிரையிலிருந்து எழுந்து முன்னே வாருங்கள். ஸஹீதா ஆசிரியை இரண்டாவது மாலையை வைத்திருக்கிறார். உங்கள் இடம் மார்சலின் ஆசிரியைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அன்பிற்குரியவர்களே! நோயும் நொடியும் அணுகாமல், அமைதியும் ஆயுளும் பெருகி, எழுதத் தொடங்கிய பாட்டுகள் யாவற்றையும் எழுதி முடித்து, அவற்றை இருவரும் வெயிலில் வாய்திறந்து பாடும் காலம் கைகூட, மாதாவும் கண்ணகியம்மனும், பேரறியாக் கடலில் உறங்கும் தங்கள் முன்னோரும் துணை நிற்பார்களாக!

இனி ஒரு சொல். விழா முடிந்ததும் பின்கதவு வழியாகப் போகலாமென்று ஒரு யோசனை இருந்தது. அதைக் கைவிட்டோம். இங்குள்ள பதினைந்து பேரும் தங்கள் இருவரையும் நடுவில் விட்டு, பிரதான கேற்றைத் திறந்து, பஸ் தரிப்பிடம் வரை நடந்து வருவோம். வெளியே யார் நிற்கிறார்களென்று எங்களுக்குத் தெரியாது.

இங்ஙனம்,
தங்களோடு நடந்துவரும்
அதிபரும் ஆசிரியர்களும்