லிண்டன் மரத்தடியில் மே மணி

காலையில் காபி போடுவது என் வேலை. மெரெட்டுக்குப் பால் அதிகம் வேண்டும். அவளுடைய வெள்ளை மாத்திரையை எடுத்துக் கோப்பைத் தட்டின் ஓரத்தில் வைப்பேன். பிறகு ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு, என் காபியோடு வீட்டின் வடக்குப் பக்கம் போவேன். போன வருடம் ஏப்ரல் மாதம் முழுக்க இப்படித்தான். கரடிப்பூண்டுக் கீரைப் பாத்திக்குள் முளைத்திருக்கும் மே மணிச் செடிகளைத் தேடிப் பிடுங்கிக் குப்பையில் போடுவேன். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். அவள் எழுந்து வரும்போது நான் கை கழுவிக்கொண்டிருப்பேன்.

இதையெல்லாம் நீங்கள் கேட்கவில்லை. உங்கள் காவல் நிலையப் பதிவில் அது விபத்து. எங்கள் பக்கத்தில் எப்போதாவது ஒரு வசந்தத்தில் யாருக்காவது நடப்பதுதான். அதனால் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். தோட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

வடக்குப் பக்கத்தில் இரண்டு லிண்டன் மரங்கள். அடியில் வெயில் விழாது. புல் விதைத்துப் பார்த்தேன், ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. மழை பெய்தால் சேறு, காய்ந்தால் புழுதி. மெரெட் கடற்கரைக்காரி, கீல் நகரத்தில் வளர்ந்தவள். கல்யாணமான முதல் வருடம் அந்த இடத்தைப் பார்த்து, "மண்ணு வெத்து உடம்போட கிடக்குதேடா, ஏதாவது போத்தி விடேன்," என்றாள். மே மணி வாங்கி நட்டேன். நிழலுக்கு ஏற்ற தரைமூடி என்று நாற்றுப் பண்ணையில் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. இரண்டு இரண்டு இலையாக வந்து தரையை மூடியது. மே மாதத்தில் ஒவ்வொரு காம்பிலும் சின்னச் சின்ன வெள்ளை மணிகள். வாசனை சமையலறை வரை வரும். வேர்த்தண்டு மட்டும் மண்ணுக்கடியில் ஓடிக்கொண்டே இருக்கும். நான் நிலத்தடி நீரைப் பற்றிப் படித்தவன். கண்ணுக்குத் தெரியாமல் எது எந்தப் பக்கம் போகும் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பக்கத்து வீட்டு ஓட்மார், ஓய்வுபெற்ற தபால்காரர், வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, நீ நட்டது பூ இல்ல, பட்டாளம். என் பக்கம் ஒண்ணு கால் வச்சாலும் வாடகை வாங்கிடுவேன்."

"வாடகைக்குப் பதிலா இவனையே எடுத்துக்கோங்க ஓட்மார்," என்றாள் மெரெட். "பாத்திரம் நல்லா கழுவுவான்."

அதே நிழலின் மறுபாதியில், நாங்கள் வீடு வாங்கும்போதே கரடிப்பூண்டு இருந்தது. ஏப்ரல் வந்தால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அந்த வாசம்தான். இலையைப் பறித்து, எண்ணெயும் கொட்டைப் பருப்பும் சேர்த்துத் துவையலாக அரைத்து உருளைக்கிழங்கோடு சாப்பிடுவோம். கடற்கரையில் அந்த வழக்கம் கிடையாது. அவளுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். பூக்கும் முன் இரண்டு செடியின் இலையும் ஒன்றுபோல இருக்கும். கசக்கி மோந்து பார்க்க வேண்டும், பூண்டு வாசம் வந்தால் நல்லது, வராவிட்டால் மே மணி, விஷம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இது தெரியும். நாலைந்து இலை கசக்கியதும் விரலே பூண்டாக மணக்கத் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு எதைக் கசக்கினாலும் அதே வாசம்தான் வரும். அதையும் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பாத்திக்கும் நடுவே, வேர் தாண்டாதபடி ஒரு தகரத்தை ஆழமாகப் புதைத்திருந்ததால் அப்போது தேவைப்படவில்லை.

போன வருடத்துக்கு முந்தைய இலையுதிர்காலத்தில் தகரம் துருப்பிடித்திருந்தது. பிடுங்கினேன். புதுத் தகரம் வாங்கிக் கொட்டகையில் வைத்தேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அப்போது மனதில் ஒன்றும் இல்லை, முதுகு வலித்தது. போன வருட வசந்தத்தில் மே மணி இந்தப் பக்கம் தலைகாட்டியது. தினமும் காலையில் பிடுங்கிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துபோய்ப் பறிப்பதை விட்டுவிடுவாள். அதோடு, அவளுக்கே தெரியாமல் தினமும் அவளைக் காப்பாற்றுவது எனக்குப் பிடித்திருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த மார்ச்சில் கீலில் அவளுக்கு வேலை கிடைத்தது. சாப்பாட்டு மேசையில்தான் சொன்னாள்.

"ஆகஸ்ட்ல சேரணும். நான் போறேன், யோஸ்ட்."

"அப்ப நான்?"

"நீயும் வாயேன்டா. அங்கயும் மண்ணுக்கடியில தண்ணி ஓடுது."

சிரித்துக்கொண்டே சொன்னாள். மரியாதைக்குக் கூப்பிடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். போகிறோம் என்று சொல்லவில்லை, போகிறேன் என்றுதான் சொன்னாள். அதற்குப் பிறகும் இரண்டு முறை கேட்டாள், வருகிறாயா என்று. பார்க்கலாம் என்றேன். கிளம்பத் தீர்மானித்தவள் ஆறுதலுக்குக் கேட்கிற கேள்விக்கு வேறு என்ன பதில் சொல்ல முடியும்.

ஈஸ்டருக்குப் பிறகு காலையில் தோட்டத்துக்குப் போவதை நிறுத்தினேன். காபி போட்டேன், மாத்திரை வைத்தேன், ஜன்னலருகே நின்று குடித்தேன். என் கணக்கு இதுதான்: கொஞ்சம் உடம்புக்கு வரும். வாந்தி, தலைசுற்றல், மருத்துவமனை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தலையணையைச் சரிசெய்வேன், சூப் கொண்டுபோவேன். உடம்பு தேறிய ஒருத்தி, தன்னைப் பார்த்துக்கொண்டவனை விட்டுவிட்டுக் கீலுக்குப் போகமாட்டாள். இன்றைக்கும் இதில் பெரிய பிழை தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை கூடையோடு போய்ப் பறித்து வந்தாள். நான் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தேன். கூடையைக் கவிழ்த்தாள். கரடிப்பூண்டின் இலை ஒவ்வொன்றும் தனித் தண்டில் நிற்கும். இந்தக் குவியலில் ஒரே தண்டில் ஜோடியாக நின்ற இலைகள் இருந்தன. நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அவள் ஒவ்வொன்றாகக் கசக்கினாள், நான் கற்றுக்கொடுத்தபடியே. ஒரு இலையில் நின்றாள்.

"இது கொஞ்சம் வழவழன்னு இருக்குல்ல? மோந்து பாரு."

விரலை என் மூக்கருகே நீட்டினாள். விரல் பூண்டாக மணத்தது.

"நல்ல பூண்டு," என்றேன்.

வயிறு சரியில்லை என்று சொல்லி ரொட்டியும் வெண்ணெயும் மட்டும் சாப்பிட்டேன். "துவையலே வேணாங்குற அளவுக்கா? சரி, உன் பங்கும் எனக்கு," என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான். தாமதிக்கவில்லை, அதையும் பாருங்கள். இந்த விஷம் இதயத்தைத் தாக்கும், வேறு யாராவது என்றால் பிழைத்திருப்பார்கள், இவளுக்கு இதயம் சின்ன வயதிலிருந்தே பலவீனம், இதை யாரும் யோசித்திருக்க முடியாது என்று மருத்துவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். நானும் யோசிக்கவில்லை என்றேன். நம்பினார். அந்த இதயத்துக்கான மாத்திரையைத்தான் நான் தினமும் எடுத்து வைத்தேன். அன்று காலையும் வைத்தேன்.

இலை எது என்று தெரியும். யாருடைய இதயம் என்று தெரியும். வாசம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். என் மனைவியை நான்தான் கொன்றேன். உங்கள் தாளில் இந்த வரி இருந்தால் போதும்.

ஏன் இப்போது வந்தேன் என்று கேட்பீர்கள். அவளுடைய அம்மா கெஷே, அடக்கத்துக்கு வந்தபோது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். எதையாவது சொல்ல வேண்டியிருந்தது. கடல் சத்தம் கேட்கிறது என்று சொன்னாள் என்றேன். அழுதுகொண்டே சிரித்தார். கல்லறைக் கல்லில் அதைத்தான் பொறிக்கச் சொல்லியிருக்கிறார். கல் அடுத்த வாரம் வருகிறது.

அப்படி அவள் சொல்லவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் பக்கத்தில் ஓடினேன். கதவு வரை வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கையில் பலமே இல்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"நீ அதைச் சாப்பிடலல்ல, யோஸ்ட்?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நல்லவேளைடா."